வாயில்லா உயிர்கட்காக வாதாடிய ருக்மிணி தேவி அம்மையார்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுமியர் ஆடும் பரதநாட்டியம் இடம்பெறாத ஆண்டே இல்லை எனலாம். மல்லேசுவரத்திலும் ஜயநகரிலும் அல்சூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் தம் பெண்மக்களின் கால்களில் சலங்கை கட்டி, சனி ஞாயிறுகளில் நாட்டியப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது இன்று இயல்பான காட்சியாகிவிட்டது. நூறு ஆண்டுகட்கு முன்னர் அது எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல். அந்நிலையை மாற்றியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர், கலாக்ஷேத்திரத்தைக் கண்ட ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அம்மையாரின் வாழ்வில் மற்றொரு பகுதியும் உண்டு. அது மேடையில் நிகழ்ந்ததன்று. ஆகையால் புகைப்படங்களிலும் விழா மலர்களிலும் அது அருகியே காணப்படுகிறது. மாட்டுக்காகவும் குதிரைக்காகவும் குரங்குக்காகவும் தெருநாய்க்காகவும் அவர் நாட்டின் பேரவையில் எழுந்து நின்று வாதாடிய வரலாறு அது. நாட்டியத்துக்கு இணையாக அவர் நெஞ்சில் இடம்பெற்றிருந்த அப்பணியைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றேன்.

உயிரிரக்கம் தமிழர்க்குப் புதியதன்று. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், கன்றின் பொருட்டு மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகின்றனர். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பேகன் போர்த்தியது ஒரு மயிலை மட்டுமே. அவன் ஆண்ட மலையில் குளிரில் நடுங்கிய ஏனைய மயில்களுக்குப் போர்வை கிடைத்ததாகப் புலவர் எவரும் பாடவில்லை. வள்ளலின் இரக்கம் அவன் கண்முன் நின்ற உயிரோடு முடிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவன் கொட்டிலில் அடிபடும் எருதுக்கும் அந்த இரக்கம் சென்று சேர வேண்டுமாயின் அது சட்டமாதல் வேண்டும். இதனை உணர்ந்து செயற்பட்டதே அம்மையாரின் தனிச் சிறப்பு.

அவர் மதுரையில் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் பிறந்தார். நான்காண்டுகட்கு ஒரு முறையே வரும் பிறந்தநாள்! தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமையும் புதிய கருத்துகளில் நாட்டமும் உடையவர். தாயார் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு மிக்கவர். தந்தையார் பிரம்மஞான சபையில் சேர்ந்து, ஓய்வு பெற்றபின் சென்னை அடையாறில் சபையின் தோட்டத்தை அடுத்து வீடு கட்டிக் குடியேறினார். அம்மையாரின் வாழ்க்கை திசை திரும்பியது அக்குடியேற்றத்தாலேயே.

அடையாற்றுத் தோட்டம் ஏறத்தாழ 260 ஏக்கர் பரப்புடையது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல். இடையில் அடர்ந்த தோப்பு. அங்கே பல நூற்றாண்டு கண்ட ஆலமரம் ஒன்று விழுதுகள் ஊன்றிப் பரந்து நின்றது. (அதன் தாய்மரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது, விழுதுகளிலிருந்து எழுந்த மரங்கள் இன்றும் தழைத்துள்ளன.) அன்னி பெசன்ட் அம்மையார் தலைமையில் அங்கு வாழ்ந்தோர் புலால் உண்ணாமையைக் கடைப்பிடித்தனர், எல்லா உயிரும் ஒரே உயிரின் கிளைகள் என்பது அவர்கள் கொள்கை. நூலில் படித்து அறியும் கொள்கை வேறு. பறவை ஒலி கேட்டு விழித்து, மரநிழலில் நடந்து வளர்வதால் வரும் அறிவு வேறு. ருக்மிணிக்கு இரண்டும் ஒருங்கே வாய்த்தன.

1920-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், பெசன்ட் அம்மையாரின் அணுக்கத் தொண்டரும் கல்வியாளருமான ஜார்ஜ் அருண்டேலை அவர் மணந்தார். மணமகனோ நாற்பது வயது கடந்த ஆங்கிலேயர். சென்னை நகரம் கொதித்தது. நாளிதழ்கள் எழுதித் தீர்த்தன. அதனைப் பற்றி ஈண்டு மிகுதியாகக் கூறுவதற்கில்லை. ஊர்ப் பழிக்கு அஞ்சாது நிற்கும் பழக்கம் அப்பெண்மணிக்கு இளமையிலேயே ஏற்பட்டுவிட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். பின்னாளில் அது மிகவும் தேவைப்பட்டது.

கணவருடன் உலகெங்கும் பயணம் செய்தபொழுது, 1928-ஆம் ஆண்டில் உருசிய நாட்டு நடன மாமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிட்டியது. உம் நாட்டுக் கலையையே நீர் தேடிக் கற்றல் வேண்டும் என்னும் அறிவுரையைப் பாவ்லோவா வழங்கியதும், அதன்பின் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அம்மையார் பயின்றதும், 1935-இல் அடையாறில் அரங்கேறியதும், 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் பலமுறை எழுதப்பட்டவை. நடனத்தைத் தூய்மைப்படுத்துகிறோம் என்ற முனைப்பில் அதனைக் காலங்காலமாகப் போற்றிவந்த குடும்பத்துப் பெண்டிர்க்கு நியாயம் செய்தாரா என்ற வழக்கும் உண்டு; அது தனிக் கட்டுரைக்கு உரியது. நம் பொருளுக்கு உகந்த செய்தி வேறொன்று: அன்னப்பறவையாக ஆடி உலகை மயக்கிய பாவ்லோவா, இலண்டனில் தம் இல்லத்துக் குளத்தில் அன்னங்களை வளர்த்து அவற்றோடு பழகிவந்தவர். ஆடும் உடலுக்கும் விலங்கின் உடலுக்கும் உள்ள உறவை இவ்விரு பெண்மணிகளும் தத்தம் வழியில் உணர்ந்திருந்தனர் போலும்.

கலாக்ஷேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகம் எது என்பதையும் பாருங்கள். 1944-இல் அம்மையார் தேர்ந்துகொண்டது திரிகூட ராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. மந்தியும் கடுவனும் கனி பரிமாறிக் கொஞ்சும் அம்மலை வளத்தைப் படிக்காத தமிழர் உளரோ? பின்னர் 1955 முதல் 1970 வரை இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக வகுத்தார். கழுகரசனும் வானரரும் கரடி வேந்தனும் மனிதர்க்குத் தோழராய் நின்று உதவும் காவியம் அது. இவ்வாறு மேடையில் வானரரை வணங்கிய அதே ஆண்டுகளில், உயிருள்ள வானரங்கள் நம் நாட்டிலிருந்து கூண்டுகளில் அடைபட்டுக் கடல் கடந்து சென்றுகொண்டிருந்தன. அச்செய்திக்குப் பின்னர் வருவேன்.

மரங்களைப் பற்றி முதலில் கூறிவிடுகின்றேன். அருண்டேல் துரை 1945-இல் மறைந்தார். பிரம்மஞான சபையின் தோட்டத்திலிருந்து கலாக்ஷேத்திரம் வெளியேற வேண்டிய நிலை நாளடைவில் ஏற்பட்டது. அம்மையார் திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் பெற்றார். அக்காலத்தில் அது நிழலற்ற மணற்பரப்பு. அங்கே கட்டடத்துக்கு நிகராக மரத்துக்கும் முதலிடம் தந்து, கன்று நட்டு நீரூற்றி வளர்க்கச் செய்தார். கூரை வேய்ந்த சிறு குடில்களிலும் மரத்தடியிலுமே வகுப்புகள் நடந்தன. காற்றும் வெளிச்சமும் பறவைக் குரலும் இல்லாத அறையில் கலை வளராது என்பது அவர் உறுதி. இதில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் கருத்தும் கலந்திருத்தல் வேண்டும். 1939-இல் அருண்டேல் தம்பதியர் அழைப்பின்பேரில் அடையாறு வந்த அவ்விதாலியப் பேரறிஞர், போர்க்காலம் முழுவதும் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். செடியையும் விலங்கையும் பேணக் கற்பதே குழந்தைக்குப் பொறுப்புணர்ச்சியின் முதற்பாடம் என்பது அவர் கல்வி முறையின் ஓர் உறுப்பு.

இனி, மாநிலங்களவைக்கு வருவோம். 1952-இல் அவை முதன்முதலாகக் கூடியபொழுது குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினருள் அம்மையாரும் ஒருவர். அவ்வாறு நியமனம் பெற்ற முதற்பெண்மணி அவரே. கலைஞர் ஒருவரை அவைக்கு அனுப்பினால் கலைக்கு மானியம் கேட்பார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அம்மையாரோ 1953-இல், விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுப்பதற்கான தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார்.

அந்நாளில் நடப்பில் இருந்தது 1890-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய சட்டம். அது பழமையடைந்து வலுவிழந்திருந்தது. நகரங்களில் பாரம் இழுக்கும் மாடுகளின் நிலையோ கண்கொண்டு காணத்தக்கதாக இல்லை. நுகத்தடி அழுத்திக் கழுத்து புண்ணாகியிருக்கும். அப்புண்ணின் மேலேயே மறுநாளும் நுகம் ஏறும். மேட்டில் வண்டி நின்றுவிட்டால் வாலை முறுக்குவதும், தார்க்குச்சியின் இரும்பு முனையால் குத்துவதும் வழக்கம். நம் பெங்களூரிலும் சிட்டி மார்க்கெட்டைச் சுற்றி மூட்டை ஏற்றிய வண்டிகளையும் நிலைய வாசலில் நின்ற ஜட்கா குதிரைகளையும் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நியாயமாகப் பார்த்தால் வண்டிக்காரனையும் குறை கூற இயலாது. அவனும் பசித்தவனே, கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றினால்தான் அன்று அவன் வீட்டில் அடுப்பெரியும். ஆகவேதான் அறிவுரை மட்டும் போதாது, எல்லோர்க்கும் பொதுவான எல்லை ஒன்று வேண்டும் என அம்மையார் கருதினார்.

பசி பிணியால் மனிதரே வாடும் நாட்டில், ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிய வேளையில், மாட்டுக்கும் நாய்க்கும் சட்டம் எதற்கு என்ற முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் அவையில் அவர் மசோதாவுக்கு நல்லாதரவு இருந்தது. 1954-இல் விவாதம் நடந்தபொழுது பிரதமர் ஜவாஹர்லால் நேருவே குறுக்கிட்டார். நோக்கத்தை அவர் பாராட்டினார். ஆனால் இத்தகைய பொருளை ஆராய்வதற்கு அரசே ஒரு குழு அமைக்கும், அதன் பரிந்துரையை ஒட்டி அரசே முழுமையான சட்டம் கொண்டுவரும், ஆகவே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் எனக் கேட்டுக்கொண்டார்.

அம்மையாரின் பொது வாழ்வில் இதனினும் இடர்ப்பாடான கட்டம் வேறு இருந்திருக்க இயலாது. அரசு தரும் உறுதிமொழிகள் கோப்புகளில் உறங்கிப்போவது நாம் அறியாததன்று. கையில் இருக்கும் மசோதாவை விட்டுவிட்டு வரவிருக்கும் சட்டத்தை நம்புவதா? மறுத்து நின்று வாக்கெடுப்பில் தோற்பதா? அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் கணக்கு பிழையானதன்று. விடுதலைக்குப் பின் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனி உறுப்பினர் மசோதாக்கள் பதினான்கே. 1970-க்குப் பின் ஒன்றுகூட நிறைவேறவில்லை. தம் பெயரில் ஒரு சட்டம் வரவேண்டும் என்ற ஆசை இருந்திருப்பின் அவர் பிடிவாதம் பிடித்திருப்பார்.

திரும்பப் பெற்றபின் அவர் வாளாவிருக்கவில்லை. அரசு குழுவை அமைத்தது, குழு ஆராய்ந்தது, அமைச்சகங்கள் எழுதிக்கொண்டன. ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. 1956-இல் மறுமுறை அவைக்கு நியமனம் பெற்றார். அதே ஆண்டில் பத்மபூஷண் விருதும் பெற்றார். இறுதியில், 1960-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள், விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. முதல் மசோதாவிலிருந்து ஏழாண்டுக் காத்திருப்பு!

அச்சட்டம் கூறுவது யாது? விலங்கை வைத்திருப்பவனுக்கு அதன் நலனைப் பேணும் கடமை உண்டு என்கிறது. அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், முதுமையாலோ நோயாலோ புண்ணாலோ தளர்ந்த விலங்கை வேலை வாங்குதல், அசைய இடமில்லாக் கூண்டில் அடைத்தல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல், உணவும் நீரும் தராதிருத்தல், வளர்த்த பிராணியைத் தெருவில் கைவிடுதல் ஆகிய யாவும் குற்றம் என்கிறது. நம் குடியிருப்புகளில் வீட்டு வாசலில் நாயை நாள் முழுதும் கட்டிவைத்துவிட்டு அலுவலகம் செல்வோர் இவ்வரியை ஒருமுறை படித்தல் நன்று.

குறைகளும் இல்லாமல் இல்லை. தேவையற்ற துன்பத்தையே சட்டம் தடுக்கிறது. எது தேவையற்றது என்பதில்தான் வழக்கெல்லாம் அடங்கியிருக்கிறது. சமய முறைப்படி கொல்லுதல் குற்றமாகாது என்று ஒரு பிரிவு விலக்களித்தது. ஆய்வுக்கூடங்களில் விலங்குகள்மீது சோதனை செய்வதையும் சட்டம் தடுக்கவில்லை. அதனைக் கண்காணிக்கக் குழு அமைக்க மட்டுமே வழி செய்தது. தண்டனையோ, முதற்குற்றத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதம். 1960-இல் ஐம்பது ரூபாய் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. அறுபது ஆண்டுகள் கடந்தபின்னரும் அவ்வுச்சவரம்பு உயர்த்தப்படாமலே இருந்தது. அதனை இன்று எவர் பொருட்படுத்துவர்? வேண்டியதனைத்தும் கிடைக்கவில்லை என்பது அம்மையார்க்குத் தெரியாததன்று. கிடைத்ததைக் கொண்டு பணியைத் தொடங்கினார்.

சட்டத்தின்படி விலங்குகள் நல வாரியம் 1962-இல் அமைந்தது. அம்மையாரே அதன் முதல் தலைவர். தில்லியில் அமைய வேண்டிய மத்திய வாரியம் சென்னையில் அமைந்ததற்கு அவரே காரணர் எனலாம். 1986-இல் மறையும் வரை அவ்வாரியத்தில் அவர் தொண்டாற்றினார். 1965-இல் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் வந்தன. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையே ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வண்டியில் பூட்டலாகாது. முள் பதித்த கோலைப் பயன்படுத்தலாகாது. தார்க்குச்சி சட்டத்துக்குப் புறம்பானது இவ்வாறுதான்.

குரங்குகளின் கதை இதனினும் நெடியது. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து உருவானபொழுது, அதனைத் தயாரிக்கக் குரங்கின் சிறுநீரகம் தேவைப்பட்டது. வட இந்தியாவில் மிகுதியாக வாழும் ரீசஸ் இனக் குரங்குகள் 1950-களில் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வழியிலேயே மாண்டவை பல. இவ்வாணிகத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் அம்மையாரும் ஒருவர். இது எளிய வழக்கன்று. எத்தனையோ குழந்தைகளின் கால்களைக் காத்த மருந்து அது. நம் வீட்டுக் குழந்தைகளும் அதனால் பயன்பெற்றவர்களே. ஆனால் மருந்துக்கென அனுப்பியவை படைக்கலச் சோதனைக்கும் கதிரியக்கச் சோதனைக்கும் பயன்பட்டன என்ற செய்தி வெளிவந்தபொழுது, அவ்வழக்கின் நியாயம் புலனாயிற்று. மொரார்ஜி தேசாயின் அரசு 1978-இல் ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது.

அதே மொரார்ஜி தேசாய் 1977-இல் அம்மையாரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பினார். ஏற்றிருந்தால் நாட்டின் முதற்பெண் குடியரசுத் தலைவர் தமிழகத்தவராய் இருந்திருப்பார். அவர் மறுத்துவிட்டார். ராஷ்டிரபதி மாளிகையின் தோட்டங்கள் பேர்பெற்றவை; எனினும் தாம் நட்டு வளர்த்த திருவான்மியூர் மரநிழலை விட்டுச் செல்ல அவர் மனம் இசையவில்லை போலும்.

உணவில் அவர் கொண்ட உறுதி உலகறிந்தது. 1955 முதல் அனைத்துலக மரக்கறி உணவாளர் சங்கத்தின் துணைத்தலைவராக விளங்கினார். 1957-இல் அச்சங்கத்தின் உலக மாநாடு இந்தியாவில் கூடியதில் அவர்க்குப் பெரும்பங்கு உண்டு. 1968-இல் பிராணி மித்ரா விருது வழங்கப்பெற்றது. இவ்விடத்தில் நேயர் ஒருவர் வினவக்கூடும்: கலாக்ஷேத்திரத் தறிகளில் நெய்த பட்டுச் சேலைகள் புகழ்பெற்றவை ஆயிற்றே, கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இடாமல் பட்டு ஏது? ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தைக்கு அருகில் வாழும் நமக்கு அவ்வினா எளிதில் தோன்றும். நியாயமான வினாவே. நெசவாளர் குடும்பங்களின் பிழைப்பும், மங்கிவந்த பழைய கரை வேலைப்பாடுகளின் வாழ்வும் அத்தறிகளை நம்பி இருந்தன. முழுமையான முரணின்மையை எந்தப் பெரியோர் வாழ்விலும் யான் கண்டதில்லை.

அம்மையார்க்குப் பின் அச்சட்டம் அவர் எண்ணியிராத களங்களுக்கும் சென்றது. அவர் தலைமை தாங்கிய வாரியமே வழக்குத் தொடுக்க, 2014-இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-இல் மெரீனாவில் இளைஞர் திரண்டதும், தமிழக அரசு அச்சட்டத்தில் திருத்தம் செய்ததும், நாம் வாழும் கன்னட நாட்டிலும் கம்பளப் போட்டிக்காக அதே ஆண்டில் திருத்தம் வந்ததும், 2023-இல் நீதிமன்றம் அவற்றை ஏற்றதும் அண்மை வரலாறு. இதில் நம் குடும்பங்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டு. அம்மையார் இருந்திருப்பின் எக்கட்சியில் நின்றிருப்பார் என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. ஊர்ப் பழிக்கு அஞ்சாதவர் என்று மேலே கூறியதை நினைவுகூர்க. வாரியத்தின் தலைமையகமும் 2018-இல் சென்னையை விட்டு அரியானாவிலுள்ள வல்லபகருக்கு மாற்றப்பட்டுவிட்டது.

1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் அம்மையார் சென்னையில் காலமானார். அவ்வாண்டின் நாட்காட்டியில் 29-ஆம் நாள் இல்லை. 1993-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கலாக்ஷேத்திரத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. சென்னைக்குச் செல்லும் நம் அன்பர்கள் திருவான்மியூர்ப் பக்கம் போக நேர்ந்தால் காலை வேளையில் செல்வது நன்று. சுற்றிலும் மாடிக்கட்டடங்கள் எழுந்துவிட்ட அவ்வட்டாரத்தில் இந்நிலம் மட்டும் தோப்பாக நிற்கிறது. மாணவர்கள் அங்குள்ள ஆலமரத்தின் அடியில் கூடி வழிபாடு செய்தபின்னரே வகுப்புக்குச் செல்கின்றனர்.